தொலைந்த 19 நாள் கடிதங்கள்: ஒரு மின்னஞ்சல் சேர்வரை மீட்ட அனுபவம்

கொழும்பு புறக்கோட்டையில், இறக்குமதிப் பொருள்களைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பகுதிக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் மின்னஞ்சல் சேர்வர் அலுவலகத்திலேயே, களஞ்சிய அறையின் ஒரு மூலையில் இருந்தது. 64 அஞ்சல் பெட்டிகள், 410 ஜிபி தரவு, ஏறத்தாழ 26 இலட்சம் கோப்புகள். வெளியிலிருந்து வரும் கடிதங்களை போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் வாங்கும். டவ்கொட் என்ற மென்பொருள் அவற்றை ஊழியர்களின் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் கொடுக்கும். யார் யாருக்கு முகவரி உண்டு என்ற பட்டியலும் கடவுச்சொற்களும் மரியாடிபி தரவுத்தளத்தில் இருக்கும். எங்கள் தொழிலில் கப்பல் முகவரின் வருகை அறிவித்தல், இன்வொய்ஸ், டெலிவரி ஓடர் பற்றிய தகவல் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. ஒரு கடிதம் ஒரு நாள் பிந்தினால் துறைமுகத்தில் நிற்கும் கொள்கலனுக்குத் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும்.

2022 ஜூன் 25, சனிக்கிழமை காலை, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியபோது அந்தச் சேர்வர் எழும்பவில்லை. அந்த ஆண்டு மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் யூபிஎஸ்ஸின் ஈய அமில பற்றரிகள் நாள்தோறும் அடிமட்டம்வரை வடிந்து வலுவிழந்துவிட்டன. ஜூனில் மின்வெட்டின் நேரம் குறைந்திருந்தும், அவை 10 நிமிடம்கூடத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. தரவு ரெய்ட் 1 முறையில், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் விதமாக, இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் இருந்தது. ஒன்று பழுதானால் மற்றது வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் இருந்தேன். அன்று காலை பார்த்தபோது இரண்டுமே எழவில்லை.

நான் உடனே காப்புப் பிரதியைத் தேடிப் போனேன். ஒவ்வோர் இரவும் 1 மணிக்கு ஆர்சிங்க் கட்டளை, அஞ்சல் பெட்டிகளையும் தரவுத்தளத்தின் பிரதியையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கும்படி நானே அமைத்திருந்தேன். அந்த டிஸ்கை என் மடிக்கணினியில் பொருத்திப் பார்த்தபோது, கடைசிப் பிரதி ஜூன் 6 ஆம் திகதியுடன் நின்றிருந்தது. நடுவில் 19 நாள்கள் இல்லை.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். ஜூன் 6 ஆம் திகதிக்குப் பிந்திய ஒரு மின்வெட்டின்பின் சேர்வர் மீண்டும் எழுந்தபோது, வெளி டிஸ்குக்கு இயங்குதளம் வேறொரு சாதனப் பெயரைக் கொடுத்திருந்தது. டிஸ்கின் நிலையான அடையாள எண்ணான யூயூஐடியை எழுத வேண்டிய இடத்தில் நான் சாதனப் பெயரை எழுதியிருந்ததால், டிஸ்க் அதற்குரிய இடத்தில் பொருந்தவில்லை. டிஸ்க் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் நின்றுவிடும்படி காப்பெடுக்கும் ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) எழுதியிருந்தேன்; அது அப்படியே நின்று, ஒவ்வோர் இரவும் ஒரு பிழைச் செய்தியையும் அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த இடம் அதே சேர்வரில் இருந்த, ரூட் என்னும் நிர்வாகப் பயனரின் அஞ்சல் பெட்டி. அதை ஒருவரும் திறப்பதில்லை. மின்னஞ்சல் சேர்வர் தன் நோயைத் தனக்கே கடிதமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த அனுபவத்தில் நான் முதலில் சரியாகச் செய்த ஒரு காரியத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்த 19 நாள்களும் முற்றாகப் போயிருக்கும். ஊழியர்களின் கணினிகளில் அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் கடிதங்களின் உள்ளூர்ப் பிரதியை வைத்திருக்கின்றன. ஆனால் ஐமேப் முறையில் அந்தப் பிரதி சேர்வரின் நிழல் மட்டுமே. சேர்வரில் ஒரு கடிதம் இல்லையென்று தெரிந்தால் கணினியிலும் அது நீக்கப்படும். புதிய, வெறுமையான சேர்வரை அதே பெயரில் எழுப்பி, ஊழியர்களின் கணினிகள் அதனுடன் இணைந்தால், அவை அந்த வெறுமையைத்தான் உண்மையென்று ஏற்றுக்கொள்ளும். ஆகவே சேர்வரைத் தொடுவதற்கு முன்பே அலுவலகத்தின் எல்லாக் கணினிகளின் வலையமைப்பு வயரையும் கழற்றச் சொன்னேன். வீட்டில் இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, மின்னஞ்சல் மென்பொருளைத் திறக்க வேண்டாம் என்றும், கைபேசிகளில் அந்தக் கணக்கின் ஒத்திசைவை நிறுத்தும்படியும் கேட்டுக்கொண்டேன். கணக்குப் பகுதியில் இருக்கும் அக்கா, “தம்பி, சேர்வர்தானே பழுது, என் கொம்பியூட்டரை ஏன் கழற்றுகிறீர்கள்?” என்று கேட்டார். “அக்கா, இப்போது கடிதங்கள் இருப்பது உங்கள் கொம்பியூட்டரில் மட்டும்தான்” என்று சொன்னதும் அவரே மற்றவர்களின் வயர்களையும் கழற்றிவிட்டார்.

அடுத்ததாக வெளியிலிருந்து வரும் கடிதங்கள். எங்கள் சேர்வர் பதில் சொல்லாதபோது அனுப்புபவரின் சேர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான காத்திருப்பு 5 நாள். மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சேர்வர் இயல்பாக 2 நாளில் கைவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். எனவே ஞாயிறு மாலைக்குள் வாசல் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். இந்த அவசரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இறந்து கிடக்கும் சேர்வர் அனுப்புபவரைக் காத்திருக்க வைக்கும். ஆனால் பயனர் பட்டியல் இல்லாமல் அரைகுறையாக எழுந்த சேர்வர், “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று 550 என்னும் பதிலைக் கொடுக்கும். அது இறுதியான மறுப்பு. அனுப்பியவரின் சேர்வர் மறுபடி முயலாது. மீட்டெடுப்பின்போது போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை இயக்கி வைத்தால், இந்த நிரந்தர மறுப்புகள் எல்லாம் “பிறகு முயலவும்” என்ற தற்காலிகப் பதிலாக மாறும். வெளிக் கடிதங்கள் வந்து சேரும் வாசலான 25 ஆம் துறையை (போர்ட்) திறப்பதற்கு முன் அந்த ஒரு வரியை எழுதியதால், முதலில் விடுபட்டுப்போன இரண்டு மாற்று முகவரிகளுக்கு வந்த கடிதங்கள்கூடத் தப்பின.

சனிக்கிழமை பிற்பகல் பம்பலப்பிட்டியில் இரண்டு புதிய டிஸ்குகளை வாங்கினோம். டொலரின் மதிப்பு சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியிருந்த காலம் அது. விலையைக் கேட்ட முதலாளி ஐயா ஒரு சொல்லும் சொல்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகளாகத் தெரிந்தெடுத்தேன். பழைய இரண்டும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை; ஒரே வயதுள்ளவை, ஒரே வெப்பத்தையும் ஒரே மின்வெட்டுகளையும் தாங்கியவை. அவை அடுத்தடுத்து விழுந்ததில் வியப்பில்லை.

இயங்குதளத்தை நிறுவி, தரவுத்தளப் பிரதியை ஏற்றியபோது பயனர் பட்டியல் முழுமையாக வந்தது. கடவுச்சொற்கள் குறியேற்றிய வடிவத்தில் அதனுள்ளேயே இருந்ததால் 64 பேருக்கும் புதிய கடவுச்சொல் கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் எங்கள் கடிதங்கள் எங்களுடையவையே என்று கையொப்பமிடும் டிகேஐஎம் தனிச்சாவி, போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்புகளுடன் வேறொரு கோப்பகத்தில் இருந்தது. அந்தக் கோப்பகத்தை நான் காப்பில் சேர்க்கவே இல்லை. புதிய சாவியை உருவாக்கி, இணையப் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் பதிய வேண்டியிருந்தது. அமைப்புக் கோப்புகளை நினைவிலிருந்து எழுதுவதில் ஓர் இரவு போயிற்று. கடிதங்களைக் காப்பெடுப்பதையே மின்னஞ்சல் சேர்வரைக் காப்பெடுப்பதாக நான் எண்ணியிருந்தது பெரிய பிழை.

இனி 410 ஜிபியை ஏற்றும் வேலை. தரவின் அளவைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவது இங்கே பொருந்தாது. 26 இலட்சம் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து எழுதுவதால் முழுவதற்கும் 11 மணி நேரம் பிடிக்கும் என்று தெரிந்தது. எல்லோருக்கும் அண்மைக்காலக் கடிதங்களை முதலில் கொடுத்துவிட்டுப் பழையவற்றைப் பிறகு ஏற்றலாம் என்று நினைத்தேன். மெயில்டிர் முறையில் அது எளிது: ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு, அதன் பெயர் அது வந்து சேர்ந்த நேரத்தை விநாடிகளில் குறிக்கும் எண்ணுடன் தொடங்கும். 1654 என்று தொடங்கும் பெயர் 2022 மே இறுதியிலிருந்து ஜூன் 12 வரையிலான கடிதத்துக்கு உரியது. நல்ல வேளையாக இந்த யோசனையை என் சொந்தப் பெட்டியில் மட்டும் செய்து பார்த்தேன்.

டவ்கொட் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை ஒவ்வொரு கோப்பகத்திலும் யூஐடி லிஸ்ட் என்ற கோப்பில் வைத்திருக்கிறது. பாதிக் கடிதங்களுடன் பெட்டியைத் திறந்ததும், பட்டியலில் இருந்தும் கோப்பு இல்லாதவற்றை அது நீக்கிவிட்டது. பழைய கடிதங்கள் பிறகு வந்தபோது அவற்றைப் புதிதாக வந்தவையாகக் கருதிப் புதிய எண்களைக் கொடுத்தது. என் பெட்டியில் இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் எங்களிடம் இன்னும், கடிதங்களைத் தம் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பொப் 3 முறையைப் பயன்படுத்தும் மூத்த ஊழியர்கள் ஆறு பேர் இருந்தார்கள். எண்கள் மாறினால் அவர்களுடைய கணினிகள் பல ஆண்டுக் கடிதங்களை மீண்டும் ஒருமுறை இறக்கி இரட்டிப்பாக்கியிருக்கும். அதன் பின் திட்டத்தை மாற்றினேன். ஒரு பெட்டியைத் தொட்டால் அதை யூஐடி லிஸ்டுடன் முழுமையாக ஏற்றிய பின்பே திறப்பது; எந்தப் பெட்டி முதலில் என்பதை மட்டும் தொழில் தீர்மானிக்கட்டும். இறக்குமதிப் பிரிவின் பொதுப் பெட்டி, கணக்குப் பகுதி, முதலாளி ஐயாவின் பெட்டி என்ற வரிசையில் மூன்றும் ஞாயிறு நண்பகலுக்குள் எழுந்தன. மற்றவர்களுக்கு வந்த கடிதங்களைப் போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கித் தன் வரிசையில் நிறுத்தி வைத்தது.

இன்னொரு நுட்பத்தைத் திறப்பதற்குச் சற்று முன்புதான் உணர்ந்தேன். 19 நாள் பழைய பட்டியலை ஏற்றினால், அடுத்து வரும் புதிய கடிதங்களுக்கு டவ்கொட் ஜூன் 6 இல் விட்ட எண்ணிலிருந்து தொடரும். அந்த எண்கள் ஏற்கனவே தொலைந்த கடிதங்களுக்குக் கொடுக்கப்பட்டு, ஊழியர்களின் கணினிகளில் பதிவாகியிருப்பவை. புதிய கடிதம் வரும்போது கணினி அதைத் தன்னிடம் இருக்கும் பழைய கடிதமாகவே எண்ணிக்கொண்டு, புதியதை இறக்காமல் விட்டுவிடக்கூடும். எனவே ஒவ்வொரு யூஐடி லிஸ்டின் முதல் வரியிலும் “N” என்ற ஆங்கில எழுத்தை அடுத்து வரும் எண்ணை ஒரு இலட்சத்தால் உயர்த்தி, டவ்கொட் மீண்டும் உருவாக்கத்தக்க அட்டவணைக் (இன்டெக்ஸ்) கோப்புகளை அழித்துவிட்டுத்தான் பெட்டிகளைத் திறந்தேன். காப்புப் பிரதி ஒரு நாள் பழையதாக இருந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆகவே மின்னஞ்சலை மீட்கும் ஒவ்வொருவரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கோப்புகளின் உரிமையாளர் எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய இயங்குதளத்தில் அஞ்சல் பயனருக்கு வேறு எண் கிடைத்ததால், ஏற்றிய கோப்புகளை டவ்கொட்டால் திறக்க முடியவில்லை. உரிமையை மாற்றியதும் சரியாயிற்று. வெளி டிஸ்கை நான் ஈஎக்ஸ்டி 4 முறையில் வடிவமைத்திருந்ததும் உதவியது. கடிதம் வாசிக்கப்பட்டதா, பதில் அனுப்பப்பட்டதா என்பதை மெயில்டிர் கோப்புப் பெயரின் இறுதியில், முக்காற்புள்ளிக்குப் பின் எழுதுகிறது. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த டிஸ்க் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது.

திங்களன்று 19 நாள் கடிதங்களைச் சேர்க்கத் தொடங்கினோம். கணினிகளை வலையமைப்பில் இணைக்காமலே, அவுட்லுக்கில் உள்ளவற்றைப் பிஎஸ்டி கோப்பாகவும், தண்டர்பேர்டில் உள்ளவற்றை உள்ளூர்க் கோப்புறைக்கும் பிரதி எடுத்தோம். பிறகு ஒவ்வொரு கணினியிலும் பழைய கணக்கை நீக்கி, புதிதாகச் சேர்த்து, ஜூன் 6 க்குப் பிந்தியவற்றை மட்டும் சேர்வருக்கு இழுத்து விட்டோம். அன்று நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. மறுநாள் பாதிப் பேரால் அலுவலகத்துக்கு வர முடியவில்லை. நான் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குச் சைக்கிளில் போனேன். வராதவர்களின் கணினிகளில் இந்த வேலையைச் செய்வதற்கு அவர்களிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டு, அவர்கள் கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லத் திறக்க வேண்டியிருந்தது. அது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருவரின் அஞ்சல் பெட்டி அவருடைய அறைக்கு ஒப்பானது. அந்த வாரமே அவர்கள் எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றச் செய்தேன்.

செவ்வாய் இரவு எல்லாம் ஏறிய பிறகு, மீண்டு வந்த ரூட் பயனரின் பெட்டியை முதன்முறையாகத் திறந்தேன். மே மாதத் திகதியிட்ட ஒரு கடிதம் அதில் இருந்தது: ரெய்டின் இரண்டு டிஸ்குகளில் ஒன்று விலகிவிட்டது என்ற அறிவித்தல். ஒரு மாதத்துக்கும் மேலாக எங்கள் நிறுவனத்தின் கடிதங்கள் எல்லாம் ஒற்றை டிஸ்கில் நின்றிருக்கின்றன. அந்தக் கடிதத்தின் கீழே காப்புப் பிழைச் செய்திகளும் வரிசையாக இருந்திருக்கும். அவை தொலைந்த 19 நாள்களுடன் போய்விட்டன. அந்த ஒரு கடிதத்தை மே மாதத்திலேயே வாசித்திருந்தால் இவை எதுவும் நேர்ந்திருக்காது என்பதை இன்றும் வருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

இப்போது எங்கள் ஏற்பாடு வேறு. பிழை வந்தால் அறிவிப்பது போதாது என்று தெரிந்துகொண்டேன். சேர்வரே விழுந்தால் அறிவிப்பும் வராது. எனவே காப்பு வெற்றியாக முடிந்த ஒவ்வொரு காலையும், இந்தச் சேர்வருடன் தொடர்பில்லாத வழியில், என் கைபேசிக்கும் என்னுடன் வேலை செய்யும் தம்பியின் கைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி வர வேண்டும். அதில் முந்திய இரவு புதிதாகச் சேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கை இருக்கும். செய்தி வராத காலை, வேலை அங்கிருந்துதான் தொடங்கும். எண்ணிக்கை வழக்கத்துக்கு மிகக் குறைவாக இருந்தாலும் அப்படியே.

காப்பெடுக்கும் முறையைப் போர்க் என்ற மென்பொருளுக்கு மாற்றினோம். அது மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாமல், 7 நாள், 4 வாரம், 12 மாதம் என்று பல காலப் பிரதிகளை வைத்துக்கொள்ளும். ஒருவர் தவறுதலாக அழித்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கவும் முடியும். முன்பு ஆர்சிங்க் ஒரே பிரதியை மட்டும் வைத்து, சேர்வரில் அழிந்ததைக் காப்பிலும் அழித்துவந்தது. காப்புக் கணினி சேர்வரிடம் வந்து தரவை எடுத்துக்கொண்டு போகிறது. காப்பில் எழுதும் உரிமை மின்னஞ்சல் சேர்வருக்குக் கிடையாது. சேர்வருக்குள் ஒருவன் புகுந்தாலும் பழைய பிரதிகளைத் தொட முடியாதபடி இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இலங்கை அரசின் மேகக் கணினிக் கட்டமைப்பு 2023 ஆகஸ்டில் கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை மீண்டும் எழுந்தபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு என் 19 நாள்களே நினைவுக்கு வந்தன.

இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. களனி ஆற்றங்கரையை அண்டிய எங்கள் பண்டகசாலையில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதை நினைவூட்டி, நான் கண்டியில் இருக்கும் எங்கள் கிளையைக் கேட்டு வாங்கினேன். பிரதி குறியாக்கம் செய்யப்பட்டே அங்கே போகிறது. வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்கள் உள்ள கடிதங்களை வெறும் டிஸ்கில் வேறோர் ஊருக்கு அனுப்புவது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மட்டுமன்றி, அதற்கு முன்பும் முறையாகாது. குறியாக்கச் சாவியைச் சேர்வரில் மட்டும் வைத்திருந்தால் சேர்வர் விழும் நாளில் காப்பும் பூட்டிய பெட்டியாகிவிடும். ஆகவே சாவியைத் தாளில் அச்சிட்டு, அதைத் திறக்கும் கடவுத்தொடரை வேறொரு உறையில் எழுதி, ஒன்றை அலுவலக இரும்புப் பெட்டியிலும் மற்றதை முதலாளி ஐயாவின் வீட்டிலும் வைத்திருக்கிறோம். அதே உறையில், எந்தப் பெட்டியை எந்த வரிசையில் மீட்பது, சாஃப்ட் பவுன்ஸ் வரியை எங்கே எழுதுவது என்பதும் இரண்டு பக்கங்களில் இருக்கிறது. நான் இல்லாத நாளில் தம்பி தனியாகச் செய்யத்தக்கதாக அதை எழுதியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெளி உலகுடன் இணைக்காத ஒரு பழைய கணினியில் அந்த இரண்டு பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு தம்பி மீட்டெடுக்கிறார். நான் வாய் திறப்பதில்லை. முதன்முறை மூன்று முக்கியப் பெட்டிகளும் எழ ஐந்து மணி நேரமாயிற்று, ஏனென்றால் தரவுத்தளப் பயனரின் கடவுச்சொல்லைத் தாளில் எழுத மறந்திருந்தேன். கடைசிமுறை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. முடிந்ததும் கணக்குப் பகுதி அக்கா வந்து தன் பெட்டியைத் திறந்து, தான் நினைவில் வைத்திருக்கும் ஒரு பழைய கடிதத்தைத் தேடி, அதன் இணைப்பைத் திறந்து, எண்களைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறார். அளவுகளையும் எண்ணிக்கைகளையும் ஒப்பிடுவதைவிட அவருடைய இந்தச் சோதனையையே நான் அதிகம் நம்புகிறேன்.

19 நாள் கடிதங்களில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வரவில்லை. இறக்குமதிப் பிரிவில் இருந்த ஒருவர் வெளிநாடு செல்வதற்காக ஜூன் 20 ஆம் திகதி வேலையிலிருந்து விலகியிருந்தார். அவருடைய கணினியை வழக்கப்படி மறுநாளே துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஜூன் 7 முதல் 20 வரை அவருக்கு வந்தவற்றையும் அவர் அனுப்பியவற்றையும் எதிர்த்தரப்பினரிடம் கேட்டுக் கேட்டு ஓரளவு சேர்த்தோம், மற்றவை இல்லை. இப்போது விலகுபவரின் கணினி 30 நாள் அலமாரியில் அப்படியே இருக்கும்; அந்த 30 நாளுக்குள் அவருடைய பெட்டியைப் பயிற்சிக் கணினியில் ஒருமுறை மீட்டுத் திறந்து பார்த்த பின்பே கணினியைத் துடைக்கிறோம்.